கடலுக்கு அந்தப் பக்கம்

கடலுக்கு அப்பால் சபா மாநிலத்திலிருந்து ராணுவ மருத்துவப் பிரிவு ஒன்று கூட்டுப் பயிற்சிக்காக ஈப்போவுக்கு வருகிறது என்ற உத்தரவு தீபனின் மேசைக்கு வந்தபோது அது அவனுக்குப் பழைய செய்தியாகியிருந்தது. வரப்போகிறவர்களில் ஒருத்தி அவன் மனைவி. முந்தின வாரமே தினேஸ்வரி தொலைபேசியில் சொல்லிவிட்டாள். சொன்ன குரலில் சந்தோஷம் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒங்க அஸ்ராமாவுலதான் போடுவாங்க போல," என்றாள். பிறகு அங்கே நல்ல மழை என்றாள். அதற்குமேல் இருவரும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

அஸ்ராமா என்று அவள் சொன்னது முகாமின் தங்கும் விடுதியை. ஈப்போவின் விளிம்பில், சுண்ணாம்புக் குன்றுகளின் காலடியில் இருந்த அந்த ராணுவ முகாமில் தீபன்தான் விடுதி மேற்பார்வையாளன். சீருடை போடாத அரசாங்க ஊழியன். பயிற்சிக்கு வருகிறவர்கள், மாற்றலாகி வந்து வீடு கிடைக்கும்வரை காத்திருக்கிறவர்கள், அணிவகுப்புக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் லோரி லோரியாக வந்து இறங்குகிறவர்கள், எல்லோருக்கும் படுக்க இடம் கொடுத்து, நல்லபடியாக எழுப்பி அனுப்பி வைப்பது அவன் வேலை. யாருக்கு எந்தக் கட்டடம் என்பதைப் பதவி முடிவு செய்யும். எந்த மாடி என்பதை ஆணா பெண்ணா என்பது முடிவு செய்யும். மீதியெல்லாம் அவன் கையில். மெத்தையில் ஈரவாடை அடிக்கிறதா, குழாயில் சுடுநீர் வருகிறதா, குரட்டை விடுகிற சார்ஜனை யாரோடு போட்டால் சண்டை வராது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. முன்பு ஈப்போவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவன். புது விரிப்பை உதறிப் போடும்போது வருகிற காற்று அவனுக்குப் பிடிக்கும். இந்த வேலையில் அவன் நிலைத்ததற்கு அது ஒன்றே போதும் என்று தினேஸ்வரி ஒரு காலத்தில் கேலி செய்வாள்.

அவளை அவன் முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். அப்போது அவள் கோப்பரல். பயிற்சிக்கு வந்த முதல் நாளே மெத்தையை முதுகில் சுமந்து மாடியிலிருந்து இறங்கி வந்து அவன் மேசைக்கு முன்னால் போட்டாள். "எஞ்சேக் இதுல மொதல்ல படுத்துப் பாருங்க. அப்புறம் நான் படுக்கிறேன்," என்றாள், மலாய் மொழியில் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு. மோந்து பார்த்தான். பூனை வாடை. அன்றைக்கே மெத்தை மாறியது. ஆயர் தாவார் பக்கத்துப் பெண், அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுநர் என்பதெல்லாம் பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தது. தீபனுடைய அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள்தான். தோட்டத்தை முதலாளிகள் விற்றுத் தாமான் என்கிற குடியிருப்பு கட்டியபோது ஈப்போவை ஒட்டிய லகாட்டில் மலிவு விலை வீடு ஒன்று கிடைத்து அங்கே குடிவந்தவள். இரண்டு பக்கமும் மறுப்புச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச காலம் தினேஸ்வரிக்கு ஈப்போவிலேயே வேலை இருந்தது. லகாட் வீட்டில் மூவருமாக இருந்தார்கள். பிறகு சபாவின் கோத்தா கினபாலுவுக்கு மாற்றல் வந்தது. ராணுவத்தில் இருக்கிறவர்கள் எப்படியும் ஒரு தவணை கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

விடுமுறைக்கு வந்து திரும்பிய ஒரு முறை அவள் கர்ப்பமானாள். பிரசவத்துக்கு முன்னால் மாற்றல் வாங்கி வந்துவிடுவதாக ஏற்பாடு. தீபனின் அம்மா மங்களம் தினமும் மருமகளைக் கூப்பிட்டுப் பேசினாள். ஆறாம் மாதத்தில் ஒரு நாள் காலை, வேலையில் நின்றுகொண்டிருந்தவளுக்கு வலி வந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. அது பள்ளி விடுமுறைக் காலம். விமானத்தில் இடமில்லை. தீபன் போய்ச் சேர்ந்தது மறுநாள் சாயங்காலம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அவனைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றாள். அவன் தலையாட்டினான். எது முடிந்தது, எப்படி முடிந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தான். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளியே இரண்டு தீபாவளி போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்தது இரண்டே முறை. வந்தாலும் ஓரிரு நாளில் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஆயர் தாவாருக்குக் கிளம்பிவிடுவாள்.

ஆகவே அவள் பெயர் இருந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தீபன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். போர்வைகளையும் விரிப்புகளையும் பார்த்துக்கொள்கிற கிடங்குக்காரர் சீனி அண்ணன் உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் அவருக்கு ஒரே உற்சாகம்.

"கீழ கடைசி ரூம் சும்மாதான தம்பி கெடக்கு? ஆபிசர் ரூம். பின்னால தனிக் கதவு. புருசன் பொண்டாட்டிதானலா, யாரு கேக்கப் போறா?"

தீபன் முடியாது என்றான். பெண்கள் மூன்றாம் மாடி, அங்கே ஆண்கள் ஏறக்கூடாது என்பது விதி. அந்த விதியைச் சொல்லி ஒரு கோப்பரலை அவனே பிடித்துக் கொடுத்திருக்கிறான். "என் பொண்டாட்டியத்தான் பாக்கப் போனேன்" என்று அந்தக் கோப்பரல் கெஞ்சியும் தீபன் விடவில்லை. இப்போது தனக்கென்றால் ஒரு சட்டமா என்று சீனியிடம் கேட்டான். ஆனால் தீபனுக்குள் வேறொரு பயம் இருந்தது. அந்தக் கீழறைச் சாவியை அவளிடம் நீட்டி, அவள் வாங்காமல் போனால் என்ன செய்வது?

அவர்கள் வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை மதியம். பச்சை லோரிகளிலிருந்து குதித்து வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே அவளை உடனே கண்டுபிடித்துவிட்டான். இளைத்திருந்தாள். தொப்பிக்குக் கீழே முடியை இறுக்கிக் கட்டியதில் நெற்றி பெரிதாகத் தெரிந்தது. மேசைக்கு முன்னால் அவள் முறை வந்தபோது, மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில் பெயரையும் எண்ணையும் கேட்டான். அவளும் சொன்னாள். மூன்று கட்டில் போட்ட அறையின் சாவியை நீட்டினான். ஜன்னலைத் திறந்தால் குன்று தெரிகிற அறை. காலையிலேயே போய்க் குளியலறைக் குழாய், மின்விசிறி, மெத்தை எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தான். சாவியை வாங்கும்போது அவள் விரல் அவன் உள்ளங்கையில் பட்டது. "தெரிமா காசே, எஞ்சேக்," என்று மலாயில் நன்றி சொன்னாள். பின்னால் நின்ற பெண் சிப்பாய்க்கு இவர்கள் யாரென்று தெரியாது.

அன்றிலிருந்து அவனுடைய பொழுது வேறு மாதிரி ஆகிவிட்டது. பகலெல்லாம் மருத்துவப் பிரிவு திடலில் கூடாரம் அடித்துக் காயம்பட்டவர்களைச் சுமக்கும் பயிற்சியில் இருந்தது. சாயங்காலம் சேற்றுக் காலோடு திரும்பி வருவார்கள். அந்த நேரத்தில் வாசலில் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்து நின்றான். அவள் களைத்துப்போய்ப் படியேறுவதைப் பார்ப்பான். அவள் ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள். அத்தனைதான். சாப்பாட்டுக் கூடத்தில் கோப்பிக் குவளையோடு நின்று நலம் விசாரித்துக்கொள்வார்கள். அம்மா எப்படி இருக்காங்க, கால்வலி பரவாயில்லையா என்று அவள் கேட்பாள். மூன்றாம் மாடியில் சுடுநீர் வரவில்லை என்று புகார் வந்தபோது, துப்புரவுப் பணிப்பெண்ணை முன்னால் அனுப்பிக் குரல் கொடுத்துவிட்டு அவனே பழுதுபார்க்க ஏறினான். யாரும் இல்லை. அவள் அறைக்கு முன்னால் அவளுடைய ரப்பர் செருப்பு கழுவிக் காய வைத்திருந்தது. நடைவழிக் கம்பியில் அவளுடைய துண்டு தொங்கியது. வீட்டில் இருந்த காலத்திலும் துண்டை அப்படித்தான் இரண்டாக மடித்து, நுனி ஒட்டி வரும்படி போடுவாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனைப் பணிப்பெண் கூப்பிட வேண்டியிருந்தது. நிலத்தையும் கடலையும் தாண்டி அவள் இருந்தபோது தாங்கிக்கொண்ட மனசுக்கு, மூன்று மாடி உயரத்தில் இருக்கும்போது தாங்கவில்லை.

மங்களம் தினமும் ஏதாவது சமைத்துக் கொடுத்தனுப்பினாள். ஒரு நாள் நெத்திலிச் சம்பல், ஒரு நாள் கோழிப் பெரட்டல். மருமகள் வீட்டுக்கு வருவாளா என்று மட்டும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வெளியே விடுவார்கள் என்று மகன் வாய்தவறிச் சொன்னபோது, அடுப்பைப் பார்த்தபடி, "அப்பிடியா," என்றாள்.

சனிக்கிழமை மதியம் மழை கொட்டித் தீர்த்தது. இடி இடித்ததால் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். சீனி அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். போர்வைக் கிடங்கின் முகப்புப் பலகைக்குப் பின்னால் தீபன் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, நனைந்த போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தினேஸ்வரி வந்தாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துவிட்டதாம். வேறு யாரும் இல்லை. மழைச் சத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றால்தான் பேச்சுக் கேட்கும். வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்ல மனசு வரல."

அவன் நிமிர்ந்தான்.

"இன்னொரு தவணை சபாவுலேயே இருக்கியான்னு கேட்டாங்க. இருக்கேன்னுட்டேன்."

தீபன் கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தான். உள்பக்கம் வெளியே வந்திருந்தது. பிரித்து மறுபடியும் மடித்தான்.

"எப்ப கேட்டாங்க?"

"சீனப் பெருநாளுக்கு முன்னாடி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வந்துருன்னு சொல்வீங்க. நீங்க சொன்னா நான் வந்துருவேன். அதான் கேக்கல."

கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வீட்டில் அப்படி என்ன குறை, அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அவள். கொஞ்சம் தயங்கிவிட்டு, தங்கள் அறையில் தொட்டில் கட்டுவதற்காக மங்களம் ஆள் வைத்து மோட்டுச் சட்டத்தில் ஒரு கொக்கி போட்டாளே, அது இன்னும் இருக்கிறது என்றாள்.

"ரெண்டு தடவ வந்தப்பவும் பாத்தேன். மல்லாந்து படுத்தா கண்ணுக்கு நேரா தெரியுது. ஒருக்களிச்சுப் படுத்தா முதுகுக்குப் பின்னால இருக்குன்னு தெரியுது. எப்பிடித் தூங்குறது?"

தினமும் அந்த அறையில் படுக்கிறவன் அவன். கொக்கியைப் பார்க்காமல் இல்லை. பார்த்துப் பார்த்து, மின்விசிறிக்குப் பக்கத்தில் அதுவும் ஒன்று என்று கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. ஊரார் படுக்கிற அறையில் கூரைக் கறையைக்கூட விடாமல் பார்க்கிறவன் இதை எப்படி விட்டேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அதற்குள் இன்னும் இரண்டு பெண் சிப்பாய்கள் ஈரப் போர்வையோடு ஓடி வந்தார்கள். தினேஸ்வரி உலர்ந்த போர்வையை வாங்கிக்கொண்டு, "தெரிமா காசே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் ஏணியை எடுத்து வந்து அறையில் போட்டான். கொக்கி துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. சுத்தியால் தட்டிப் பார்த்தான். கடைசியில் இரும்பறுக்கும் ரம்பத்தை வைத்து அறுக்க ஆரம்பித்தான். சத்தம் கேட்டு மங்களம் வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இரும்புத்தூள் அவள் தலையில் விழுந்தது. கொக்கி அறுந்து கையோடு வந்த பிறகுதான் பேசினாள்.

"நானே எடுக்கச் சொல்லணும்னு இருந்தேன்பா. ஒனக்கு மனசு ஒடஞ்சிருமோன்னு வாய மூடிக்கிட்டேன்."

மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்ததில், அந்த இரும்பு அத்தனை நாள் அங்கேயே தொங்கியிருக்கிறது. தீபன் இறங்கி ஏணியில் சாய்ந்து நின்றான். மங்களம் துடைப்பத்தை எடுத்து வந்து தூளைப் பெருக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஆறு மணிவரை அவர்களை வெளியே விட்டார்கள். தீபன் முகாம் வாசலுக்கு எதிரே காரை நிறுத்திக் காத்திருந்தான். நீலச் சுடிதார் போட்டு, முடியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு அவள் வந்து ஏறினாள். கொக்கியை எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், இனி நீ வரலாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டான். எங்கே போகலாம் என்று கேட்டான். எங்கேயாவது போகலாம் என்றாள். சற்றுத் தூரம் போனதும், "அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?" என்றாள்.

"இருப்பாங்க. பரவால்ல. அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

ஈப்போவில் கடைத்தெரு ஓரமாக நிறுத்தி மீ கோரேங் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவள் பாதிக்குமேல் அவன் தட்டில் தள்ளிவிட்டாள். பிறகு லகாட் சாலையில் போய், பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றின் கரையில் காரை நிறுத்தினான். யாரோ இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் மூடியிருந்தது. தண்ணீரில் குன்றின் நிழல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அந்தக் கொக்கிய எடுத்துட்டேன்," என்றான் கடைசியில்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது மட்டும் இல்லீங்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அவ அங்க இருக்கா."

யார் என்று கேட்கப் போனவன் கேட்கவில்லை. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னாள். பெண் குழந்தை. எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும் என்றார்களாம். இவள் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாள். மறுநாள் காலை, எழுந்து நடக்கக் கூடாது என்று தாதி தடுத்தும் கேட்காமல், பிரிவிலிருந்த ஒரு தமிழ்க் கோப்பரலின் காரில் ஏறிப் போயிருக்கிறாள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டுச் சரிவில் இந்துக்களுக்கென்று சின்னதாக ஓர் இடுகாடு இருக்கிறது. கோயிலிலிருந்து ஒருவர் வந்து உதவினார். குழியில் இறக்கி வைத்ததும் முதல் பிடி மண் போட்டதும் இவள்தான். அன்று சாயங்காலம்தான் தீபன் வந்து சேர்ந்தான்.

"ஒங்களக் கூட்டிட்டுப் போகணும்னுதான் இருந்தேன். நீங்க ஒண்ணுமே கேக்கல. தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அங்கே போகிறாளாம். புல் பிடுங்குகிறாளாம். சரிவாக இருப்பதால் மழைக்கு மண் கரைந்து இறங்கிவிடுகிறதாம். யாராவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள்.

"நான் இங்க வந்துட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

குட்டைக்கரையில் தூண்டில்காரர்கள் மழைக்குப் பயந்து சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்ற கேள்வி தீபனின் நாக்கில் வந்து நின்றது. பதில் அவனுக்கே தெரிந்திருந்ததால் விழுங்கிவிட்டான். இத்தனை காலம் அவன் ஏங்கியதெல்லாம் பக்கத்தில் இல்லாத மனைவிக்காக. தனக்கென்று அந்தக் கரையில் இன்னொருத்தி இருந்தாள் என்பதே தெரியாமல், மண் கரைகிற ஒவ்வொரு மழைக்கும், "அங்க நல்ல மழையா?" என்று கேட்டு, பேச்சை முடித்து, போனை வைத்திருக்கிறான்.

"எப்பிடி இருந்தா?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளிடம் இதுவரை கேட்காத கேள்வி அது.

"குட்டியா இருந்தா. ஒங்க காது. மேல இப்பிடி மடிஞ்சிருக்கும்ல, அதே மாதிரி."

அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அழுதிருக்க வேண்டிய அழுகை. தினேஸ்வரி அவன் பிடரியில் கையை வைத்தாள். மழை வந்து கண்ணாடியை மூடும்வரை எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு முன்னால் முகாம் வாசலில் இறக்கிவிட்டபோது, அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டான். அவள் கதவைத் திறந்து பிடித்தபடி யோசித்தாள். "சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க," என்றாள்.

வீட்டில் மங்களம் மேசை நிறையச் சமைத்து மூடி வைத்திருந்தாள். மகன் தனியாக வந்ததைப் பார்த்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள். தீபன் அவளை உட்கார வைத்துச் சொன்னான். கேட்டு முடித்தவள் எடுத்து வைத்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் புள்ள ஒத்தையாவா மண்ணு தள்ளுச்சு?"

அவன் ஆமாம் என்றான்.

"நம்ம போலாம்பா. டிக்கெட்டு போடு."

மருத்துவப் பிரிவு கிளம்பிய காலையில் சாவிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினான். தினேஸ்வரி கடைசியாக வந்தாள். சீனி அண்ணன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே எண்ணி முடித்த போர்வைகளைச் சத்தமாக மறுபடியும் எண்ணினார்.

"வருவீங்கல்ல?" என்றாள்.

"வாரேன். அம்மாவும் வாராங்க."

லோரி குன்றைச் சுற்றி மறையும்வரை நின்றான். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, தங்கியவர்கள் போவதை அவன் வாசலில் நின்று பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு அறை ஒழிக்க வேண்டியிருக்கும்.

அந்த வாரமே அதிகாரியைப் பார்த்து சபாவுக்கு மாற்றல் கேட்டான். அவர் விசாரித்துச் சொன்னார். கோத்தா கினபாலு முகாமிலும் ஒரு விடுதி மேற்பார்வையாளர் இருக்கிறார், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார், அதுவரை இடமில்லை, அதற்குப் பிறகும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. இனி அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான் என்று தீபன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போனில் தினேஸ்வரியிடம் சொன்னபோது, "அம்மாவ விட்டுட்டா?" என்று கேட்டாள். அம்மாதான் முதலில் போகச் சொன்னாள் என்றான். இப்போதெல்லாம் அங்கே மழை பெய்தால், மண் நிற்கிறதா என்று கேட்டான்.

பள்ளி விடுமுறை வருவதற்கு முன்பே டிக்கெட் எடுத்து இருவரும் கிளம்பினார்கள். மங்களம் அதுவரை விமானம் ஏறியதில்லை. மேலே கிளம்பும்போது மகனின் மணிக்கட்டைப் பிடித்தவள், கோத்தா கினபாலுவில் இறங்கிய பிறகுதான் விட்டாள். தினேஸ்வரி குடையோடு காத்திருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்களம் அவள் கன்னத்தைத் தடவி, "இவ்ளோ எளைச்சிட்டியே," என்றாள்.

முகாம் விடுதியிலேயே குடும்பத்தினருக்கான அறை ஒன்றைத் தினேஸ்வரி கேட்டு வாங்கியிருந்தாள். அங்கிருந்த மேற்பார்வையாளர் கடசான் இனத்துப் பெரியவர், நிதானமாகப் பேசுகிறவர். தொழில்காரன் என்று தெரிந்ததும் தீபனைக் கூட்டிப்போய்க் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். தீபன் தன்னை அறியாமல் ஒரு மெத்தையை அமுக்கிப் பார்த்தான். பெரியவர் சிரித்தார். அவர் உட்காரும் நாற்காலியை, அதற்குப் பின்னால் இருந்த ஜன்னலை, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மருத்துவப் பிரிவின் கூரையை தீபன் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் காலை இடுகாட்டுக்குப் போனார்கள். வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தச் சொல்லி மங்களம் பால் வாங்கினாள். சரிவில் நாலைந்து வரிசை தாண்டி, ஒரு மரத்தடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மண்மேடு. சுற்றிலும் வெள்ளைக் கூழாங்கல் பதித்திருந்தது. பெயர்ப்பலகை இல்லை. தீபன் அதன் முன்னால் குந்தினான். தொடலாமா என்று மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். மண் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

மங்களம் பாலை ஊற்றினாள். "பேரு வச்சியாம்மா?" என்று கேட்டாள்.

"வச்சேன். நீங்க சொன்ன பேருதான். துளசி."

அந்த நாட்களில் தினமும் போனில் பேசும்போது எத்தனையோ பெயர்களை மங்களம் சொல்லியிருக்கிறாள். எது மருமகளுக்குப் பிடித்தது என்று அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. இப்போது அந்தப் பெயரை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மருமகள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் அப்படியே நின்றார்கள்.

தீபன் எழுந்து மேட்டுப் பக்கமாக ஏறி, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்தான். இடுகாட்டுக் காவலாளியிடம் ஒரு மண்வெட்டி வாங்கி வந்தான். குழந்தையின் மேட்டுக்கு மேலே வளைவாக ஒரு வாய்க்கால் வெட்டி, கல் அடுக்கி, தண்ணீர் ஒதுங்கிப் போகும்படி செய்தான். வெயில் ஏறி முதுகு நனைந்தது. தினேஸ்வரி வந்து கல் எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் மேட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது.

விடுமுறை முடிந்து திரும்பும் நாள் வந்தது. விமான நிலையத்தில் தினேஸ்வரி வெகுநேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். தீபாவளிக்கு லகாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நாலு நாள் தங்குவேன் என்று, கேட்காமலே சொன்னாள்.

மங்களம் இந்த முறை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். விமானம் எழும்பிக் கடலுக்கு மேலே சாய்ந்து திரும்பியபோது, கரையும் மரங்களும் சின்னச் சின்னக் கூரைகளும் ஒரு கணம் தெரிந்தன. அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்பா?"

தீபன் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. மலைகள் தெரிந்த திசையில், அந்தக் கூரைகளுக்கு அப்பால், ஒரு பச்சைச் சரிவை விரலால் காட்டினான். மேகம் வந்து மூடியது. மூடிய பிறகும் அம்மாவும் மகனும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.